மழையில ஓப்பன் ஜீப்: பீங்கான் நனையாது, தூசிதான் நனையும்

(எபிசோட்டின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். நான் தடுமாறின இடங்களையும், நடுவுல கேட்ட குக்கர் விசிலையும் எடுத்தாச்சு.)

இந்த வாரம் விருத்தாசலத்துல, மாமா வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி கேக்குற இரைச்சல் மைக் பிரச்சனை இல்ல, மழை. கீழ வாசல்ல மாமாவோட ஜீப் நிக்குது, மேல ஒரு தார்ப்பாய் மூடியிருக்கு. அந்தத் தார்ப்பாய்ல தண்ணி விழுற சத்தமும் சேர்ந்துதான் உங்க காதுக்கு வருது.

சென்னையில இருந்து ஒரு தம்பி மெசேஜ் பண்ணியிருந்தார். "அண்ணா, பழைய ஓப்பன் ஜீப் ஒண்ணு விலைக்கு வருது. மிலிட்டரி பச்சை, மடக்கி வைக்கிற கண்ணாடி, எல்லாம் பக்கா. மழையில ஹூட் போடாம ஓட்டணும்னு ரொம்ப நாள் ஆசை. வாங்கலாமா?" அதோட ஒரு ரீல்ஸ் லிங்க். மலைப்பாதை, மூடுபனி, ஒருத்தர் கூலிங் கிளாஸ் போட்டு சிரிச்சுக்கிட்டே நனையுறார்.

தம்பி, வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா அந்த ரீல்ஸ் 20 செகண்ட்தான். இருபத்தோராவது செகண்ட்ல என்ன ஆகும்னு சொல்றதுக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல சுருக்கமா கதை. ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல ஜீப் செஞ்சாங்க. இந்தியாவுல 1945ல மஹிந்திரா அண்ட் முகமதுன்னு தொடங்கின கம்பெனி, 1948ல மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆச்சு. அவங்க பம்பாயில வில்லிஸ் ஜீப்பை அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சாங்க. அதுல நம்ம ஊருக்கு ரொம்பப் பழக்கமானது சிஜே-3பி. பானெட் கொஞ்சம் தூக்கலா இருக்கும், ஏன்னா உள்ள இருந்த புது எஞ்சின் பழசை விட உயரம். அமெரிக்காவுல அது 1968லயே நின்னுபோச்சு, இங்க அதுக்கப்புறமும் பல வருஷம் வந்துக்கிட்டே இருந்துச்சு. தாலுகா ஆபீஸ், பொதுப்பணித்துறை, எஸ்டேட், சினிமா வில்லன், எல்லாருக்கும் ஒரே வண்டி. ராணுவத்துக்குன்னு ஜபல்பூர்ல செஞ்ச ஜோங்கா தனிக் கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

எங்க மாமாவோடது பெட்ரோல் சிஜே-3பி. எண்பதுகள்லயும் அதுக்கப்புறமும் இந்த வண்டி வெச்சிருந்த நிறைய பேர் டீசல் எஞ்சின் மாத்திக்கிட்டாங்க. மாமா மாத்தல. காரணம் கொள்கை இல்ல, காசு.

2011, டிசம்பர் 30

தானே புயல் ஞாபகம் இருக்கா? டிசம்பர் 30 காலையில கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல கரை ஏறுச்சு. பண்ருட்டி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோட சாய்ஞ்சுது. என் ஆயா அங்கதான், ஒரு முந்திரிக்காட்டு ஊர்ல, தனியா இருந்தாங்க. போன் போகல. லேண்ட்லைன், செல், எதுவும் இல்ல. மதியம் காத்து அடங்கினதும் மாமா ஜீப்பை எடுத்தார். ஒரு அருவாள், ஒரு கோடாலி, ரெண்டு கயிறு, ஒரு கேன் தண்ணி, அப்புறம் நான். நான் அப்ப ஒல்லிப்பிச்சான். விழுந்த மரத்துக்கு அடியில நுழைஞ்சு கயிறு கட்ட ஆள் வேணும்னு என்னை ஏத்திக்கிட்டார். அம்மா திட்டினாங்க, மாமா காதுல வாங்கல.

மரம் விழுந்த ரோட்டுல ஜீப் மாதிரி வண்டி கிடையாது, அதை ஒத்துக்கணும். ரோட்டை விட்டு வயல்ல இறங்கி, வளைஞ்சு, மறுபடி மேல ஏறும். ரெண்டு இடத்துல மரத்தையே கயிறு கட்டி இழுத்தோம். ஆனா மூணாவது இடத்துல முழங்கால் அளவு தண்ணியில இறங்கி ஏறினதும் எஞ்சின் ரெண்டு தடவை தும்முச்சு, நின்னுபோச்சு.

மாமா பதறல. பானெட்டைத் தூக்கி ஒரு குடையை என் கையில குடுத்தார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோட ரெண்டு கிளிப்பையும் தட்டிக் கழட்டி, உள்ள வேட்டி முனையால துடைச்சார். அப்புறம் நாலு பிளக் வயரையும் ஒவ்வொண்ணா எடுத்து, பிளக்கோட வெள்ளைக் கழுத்தைத் துடைச்சார். "மாமா, தண்ணி போயிடுச்சா உள்ள?"ன்னு கேட்டேன். அப்ப சொன்னதுதான் இந்த எபிசோட்டோட தலைப்பு: "பீங்கான் நனையாது மாப்ள. பீங்கான் மேல இருக்கற தூசிதான் நனையும்."

அவருக்கு இது தெரியாம வேற யாருக்குத் தெரியும்? மாமா இங்க பீங்கான் தொழிற்பேட்டையில ஒரு சின்ன யூனிட்ல வேலை பார்த்தவர். வீட்டு மெயின் போர்டுல இருக்குமே வெள்ளை ஃப்யூஸ் கட்டை, அதை அச்சுல அழுத்தி, கிளேஸ்ல முக்கி, சூளைக்கு அனுப்புற வேலை. சின்ன வயசுல எங்க வீட்ல உடைஞ்ச ஃப்யூஸ் கட்டைதான் எனக்கு விளையாட்டு சாமான்.

சரி, இப்ப எஞ்சினியரா பேசுறேன். அந்தப் பிளக்ல என்ன நடந்துச்சு?

பேட்டரி 12 வோல்ட்தான். இக்னிஷன் காயில் அதை 15,000, 20,000 வோல்ட் அளவுக்கு ஏத்தும். அந்த மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டர் வழியா சரியான நேரத்துல சரியான சிலிண்டருக்குப் போயி, பிளக் முனையில ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியைத் தாண்டணும். அதுதான் தீப்பொறி. ஆனா மின்சாரம் சோம்பேறி. தாண்டுறதை விட வெளியில ஓடி எஞ்சின் உடம்புல கலந்துட வழி கிடைச்சா அதுலயே போயிடும். அந்த வழியை அடைக்கிறதுதான் பிளக்கோட வெள்ளைப் பீங்கான்.

சுத்தமான மழைத்தண்ணி மின்சாரத்தை அவ்வளவு நல்லா கடத்தாது. கிளேஸ் போட்ட சுத்தமான பீங்கான் மேல அது மெல்லிய படலமா பரவினாலும் பெருசா மின்சாரம் ஓடாது. ஆனா ரோட்டுத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு இதெல்லாம் ஒட்டியிருந்தா தண்ணி அதுல ஊறி ஒரு மெல்லிய சேறாப் பரவும். இருபதாயிரம் வோல்ட்டுக்கு அது நல்ல பாதை. பொறி பிளக் முனைக்குப் போகாது, கழுத்து மேலேயே ஓடிடும். ராத்திரி இருட்டுல பானெட்டைத் திறந்தா நீலமா ஊர்ந்து போறதைக் கண்ணால பாக்கலாம்.

கரண்ட் கம்பத்துல இருக்கிற பீங்கான் இன்சுலேட்டரை கவனிச்சிருக்கீங்களா? குடை மேல குடை கவிழ்த்த மாதிரி இருக்கும். அழகுக்கு இல்ல. மேற்பரப்புல மின்சாரம் ஊர்ந்து போக வேண்டிய தூரத்தைக் கூட்டுறதுக்கும், மழையில கூட குடைக்கு அடிப்பக்கம் காய்ஞ்சிருக்கவும் அந்த வடிவம். பிளக் கழுத்துல இருக்கிற வரி வரியான வளையங்களும் அதே தூரக் கணக்குக்குத்தான். கம்பத்துல தூசி படிஞ்சு, கோடைக்கப்புறம் முதல் தூறல் விழும்போது படபடன்னு பொறி பறக்குமே, மாமா ஜீப் நின்னதும் அதே நோய்தான். நல்ல அடைமழை தூசியைக் கழுவிடும், அப்ப பிரச்சனை குறைவு. தூறல்தான் எமன்.

இந்த வியாதிக்கு ராணுவம் எப்பவோ மருந்து கண்டுபிடிச்சுது. 1950ல வந்த எம்38 ஜீப்புக்கு 24 வோல்ட், தண்ணி புகாத இக்னிஷன், வயர் எல்லாத்துக்கும் உலோக உறை. சிவிலியன் ஜீப்புக்கு அந்த பாக்கியம் கிடைக்கல. உங்களுக்கு வேண்டியது பழைய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில மயிரிழைக் கீறல் இருக்கான்னு பாக்குறது, வயரை மாத்துறது, பிளக் கழுத்தைத் துடைச்சு வைக்கிறது. அப்புறம் ஒரு டப்பா டபிள்யூடி-40. அந்தப் பேரே 'தண்ணியை விரட்டுற ஃபார்முலா, நாற்பதாவது முயற்சி'ங்கிறதோட சுருக்கம்தான். எங்க மாமாவுக்கு வேட்டி முனை.

பத்து நிமிஷத்துல வண்டி ஸ்டார்ட் ஆச்சு.

வேகமாப் போனா நனைய மாட்டோமா?

ஓப்பன் கார் வெச்சிருக்கிறவங்க பெருமையா சொல்வாங்க, "நிறுத்தாம ஓட்டு, மழை தலைக்கு மேல போயிடும்"னு. தாழ்வான, சாய்ஞ்ச கண்ணாடி உள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கு அது பாதி உண்மை. ஜீப்புக்கு இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க. பெரிய மழைத்துளி மணிக்கு சுமார் 30 கி.மீ. வேகத்துல விழும். நீங்க 50ல போறீங்க. உங்க கண்ணுக்கு மழை முன்னாடி இருந்து சாய்வா வரும், தரைமட்டத்துல இருந்து 30 டிகிரி சாய்வுல. ஜீப் கண்ணாடி செங்குத்து, அதோட மேல் விளிம்பு உங்க முகத்துக்குக் கொஞ்சம்தான் மேல. அதனால கண்ணாடி உங்க மடியையும் காலையும் காப்பாத்தும், முகத்தைக் காப்பாத்தாது. முகமும் தப்பிக்கணும்னா 80, 90ல போகணும். இந்த வண்டியில 80ல போறவரோட முகம் நனையுறது அவரோட சின்னக் கவலை.

துளி கண்ணுல படுற வேகம், ரெண்டையும் சேர்த்தா மணிக்கு 58 கி.மீ. குண்டூசி குத்துற மாதிரி இருக்கும். கூலிங் கிளாஸ் போட்டா இருட்டு. நிறமில்லாத கண்ணாடி ஒண்ணு, வெல்டிங் கடையில கிரைண்டிங்குக்குப் போடுவாங்களே, அது போதும்.

ஹூட் போட்டுக்கிட்டா? இன்னொரு கதை. வண்டிக்குப் பின்னாடி காத்தழுத்தம் குறையும், அதனால பின்பக்கம் திறந்திருந்தா சக்கரம் வாரி அடிக்கிற சேறும் சைலன்சர் புகையும் சுழண்டு உள்ள வரும். முன்னாடி காய்ஞ்ச சட்டை, முதுகு சொதசொதன்னு. பின்பக்கமும் சைடும் ரெக்சின் திரை போட்டு மூடினா நம்ம மூச்சுக்காத்தே கண்ணாடியில பனியா படியும். ஆவியைத் துரத்த ஹீட்டர், ஃபேன் எதுவும் கிடையாது. ஒரு கையில ஸ்டீயரிங், ஒரு கையில துணி.

வைப்பர்தான் இதுல உச்சம். பழைய வில்லிஸ் வகையறாவுல மோட்டார் வைப்பர் கிடையாது, வாக்குவம் வைப்பர். எஞ்சின் காத்தை உறிஞ்சுற இழுவையிலதான் அது ஓடும். ஆக்சிலரேட்டரை மிதிச்சா திராட்டில் திறக்கும், இழுவை குறையும், வைப்பர் தூங்கிடும். லாரியை ஓவர்டேக் பண்றீங்க, லாரி டயர் சேத்துத் தண்ணியைக் கண்ணாடி மேல கொட்டுது, நீங்க முழுசா மிதிச்சிருக்கீங்க, சரியா அந்த நேரத்துல வைப்பர் நடுவுல நிக்கும். டிசைன் பண்ணவர் மழை இல்லாத ஊர்க்காரரான்னு தெரியல. மாமா ஜீப்ல அதுவும் டிரைவர் பக்கம் மட்டும் ஒண்ணு. என் பக்கம் நான்தான் வைப்பர்.

பிரேக்

இதுதான் இந்த எபிசோட்ல என்னை ரொம்பப் பயமுறுத்துற பகுதி, ஏன்னா ரீல்ஸ்ல இது தெரியவே தெரியாது. நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். டிஸ்க் பிரேக்ல தண்ணி பட்டா சுத்துற வேகத்துலயே உதறிடும். டிரம் ஒரு மூடின சட்டி. தண்ணியில முங்கி எழுந்தா உள்ள தண்ணி தங்கும், ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவுல ஒரு படலம் நிக்கும். பெடலை மிதிச்சா கல்லு மாதிரி கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது.

தண்ணியை விட்டு வெளிய வந்ததும், பின்னாடி யாரும் இல்லன்னு பார்த்து, மெதுவா ஓடிக்கிட்டே பிரேக்கை லேசா, விட்டு விட்டு மிதிச்சுக் காய வைக்கணும். உரசல் சூட்டுல தண்ணி ஆவியாகும். ஆனா நாலு டிரம்மும் ஒரே நேரத்துல காயாது. ஒரு பக்கம் முதல்ல காய்ஞ்சா, மிதிக்கும்போது வண்டி அந்தப் பக்கமா இழுக்கும். சக்கரங்களுக்கு நடுவுல இருக்கிற நீளம் வெறும் 80 அங்குலம், அதாவது ரெண்டு மீட்டர். இவ்வளவு குட்டையான வண்டி ஈரத்துல திரும்ப ஆரம்பிச்சா நீங்க 'அய்யோ'ன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள வந்த வழியைப் பாத்து நிக்கும். பழைய வண்டிகள்ல பிரேக் ஆயில் லைன் ஒரே ஒரு சர்க்யூட், எங்கயாவது கசிஞ்சா நாலும் போச்சு.

டயரும் அப்படித்தான். அந்த மிலிட்டரி கட்டை டயர் சேத்துல கில்லாடி. ஈரத்தார்ல ரப்பர் தரையைத் தொடுற பரப்பு கம்மி, பழைய டயர்னா ரப்பரும் இறுகிப் போயிருக்கும். "ஃபோர் வீல் போட்டுக்கலாமே"ன்னு சிலர். இந்த ஜீப்ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. சேத்துல சக்கரம் கொஞ்சம் வழுக்கி சரி பண்ணிக்கும், பிடிப்புள்ள தார்ல முறுக்கேறி கியரைக் கடிக்கும். தவிர, ஃபோர் வீல் வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது.

இடி மின்னல் பத்தியும் இங்கேயே சொல்லிடுறேன். கார்ல உட்கார்ந்தா மின்னல்ல இருந்து பாதுகாப்புன்னு படிச்சிருப்பீங்க. அது உலோகக் கூரை நம்மளைச் சுத்தி கூண்டா இருக்கறதால. டயர் ரப்பர்ங்கிறதால இல்ல. கேன்வாஸ் ஹூட் போட்ட ஜீப்ல அந்தக் கூண்டு இல்ல. பைக்ல இருக்கறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இடி கேட்டா ஒரு கட்டடத்துக்குள்ளயோ பஸ்ஸுக்குள்ளயோ போங்க, புளிய மரத்தடிக்குப் போகாதீங்க.

தரைப்பாலம்

மறுபடி அந்த நாளுக்கு வர்றேன். இருட்டுற நேரம். ஆயா ஊருக்கு ஒரு கிலோமீட்டர் கூட இல்ல. நடுவுல ஒரு ஓடை, அதுல ஒரு தரைப்பாலம். பாலத்துக்கு மேல தண்ணி ஓடுது. எவ்வளவு ஆழம்னு தெரியல, செம்மண் கலர்ல சுழிச்சுக்கிட்டு. எங்க கண்ணு முன்னாடி ஒரு டிராக்டர் தாண்டிப் போச்சு. அந்தக் கரையில இருந்து ரெண்டு பேர் "வா வா, வந்துடலாம்"னு கையைக் காட்டுறாங்க.

மாமா இறங்கி ஒரு முந்திரிக் கிளையை ஒடிச்சார். பாலத்துக்கு மேற்கால நின்னு தண்ணியில போட்டுட்டு "ஒண்ணு... ரெண்..."ன்னு எண்ணினார். ரெண்டு முடியறதுக்குள்ள கிளை பாலத்தோட அகலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்துடுச்சு. வண்டியில ஏறி ரிவர்ஸ் போட்டார்.

நான் கத்தினேன். ஆயா அங்க தனியா இருக்காங்க, டிராக்டரே போகுது, இது மிலிட்டரி வண்டின்னு நீதானே சொன்னேன்னு. அவர் ஒரே ஒரு வார்த்தை, "வேணாம்டா."

பல வருஷம் கழிச்சு காலேஜ்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிக்கும்போது அந்தக் கணக்கை நோட்டுப் பின்பக்கத்துல போட்டேன். பாலம் அகலம் நாலு மீட்டர்னு வைப்போம். ஒன்றரை செகண்ட்ல தாண்டினா செகண்டுக்கு 2.7 மீட்டர். அரை மீட்டர் தண்ணியில ஜீப்போட பக்கவாட்டுல, சக்கரம், சேஸிஸ் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டர் மேல தண்ணி மோதுதுன்னு தோராயமா எடுத்துக்கலாம். செகண்டுக்கு 2 மீட்டர்னா தள்ளுற விசை 200 கிலோ எடைக்குச் சமம். 2.7னா 360 கிலோ. 3 மீட்டர்னா 450. வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு.

எதிர்த்து நிக்கிறது எது? எடையும் உரசலும். ஜீப் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல, நாங்க ரெண்டு பேரையும் சேர்த்து 1,200 கிலோன்னு வைங்க. தண்ணி உடம்பைத் தொட ஆரம்பிச்சதும் மிதப்பு வரும். ஜீப்போட தொட்டி மாதிரி உடம்பு, உள்ள தண்ணி நிறையறதுக்கு முன்னாடி, ஒவ்வொரு 10 செ.மீ. ஆழத்துக்கும் சுமார் 260 கிலோ எடையைத் தூக்கிடும். சக்கரமும் ஆக்சிலும் இன்னொரு 100. மிச்சம் 840 கிலோ. பாசி பிடிச்ச சிமெண்ட் தரையில உரசல் அதுல 30 சதவீதம்னு எடுத்தா, பிடிப்பு 250 கிலோ. தள்ளுறது 360.

டிராக்டருக்கு எடை அதிகம், பின் சக்கரம் ஆள் உயரம், மிதக்கறதுக்கு தொட்டி கிடையாது. அது போச்சுங்கிறதுக்காக ஜீப் போகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அந்த முந்திரிக்கிளை பண்ண வேலையை என் நோட்டு நாலு வருஷம் கழிச்சுத்தான் பண்ணுச்சு.

ஓடாத, தேங்கி நிக்கிற தண்ணின்னா வேற. அதுல முன்னாடி ஒருத்தர் குச்சியோட நடந்து ஆழம் பார்த்து, ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தி, முதல் கியர்ல, நடுவுல கியர் மாத்தாம, ஒரே சீரா போகலாம். ஃபேன் பெல்ட் ஏன்னா, ரேடியேட்டருக்குப் பின்னாடி சுத்துற அந்த ஃபேன்தான் தண்ணியை வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மேல அடிக்கிற முதல் குற்றவாளி. ஆனா அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுத்தும், அதனால ரெண்டு மூணு நிமிஷத்துக்கு மேல தாங்காது. முன் கிரில்ல ஒரு சாக்கைக் கட்டினா தண்ணி முன்னாடி அலையா ஒதுங்கி எஞ்சின் பக்கம் மட்டம் குறையும். தாண்டினப்புறம் டிஃபரன்ஷியல் ஆயிலைப் பாருங்க. சூடா இருந்த டிஃபரன்ஷியல் தண்ணியில சட்டுன்னு குளிரும்போது உள்ள காத்து சுருங்கும், சீல் வழியா தண்ணியை உறிஞ்சும். ஆயில் பால் ஊத்தின காபி கலர்ல இருந்தா மாத்தியே ஆகணும்.

தம்பி, உங்களுக்கு வர்ற வண்டி டீசல் மாத்தினதுன்னு சொல்லியிருந்தீங்க. அதுல பிளக் இல்ல, டிஸ்ட்ரிபியூட்டர் இல்ல, தூறல் பயமும் இல்ல. ஆனா அதுவே ஆபத்து. பெட்ரோல் வண்டி ஆழத்துக்குப் போறதுக்கு முன்னாடியே தும்மி நின்னுடும், ஒரு வகையில உங்களைக் காப்பாத்தும். டீசல் நிக்காது, காத்து போற குழாய் தண்ணியைத் தொடுற வரைக்கும் போகும். தண்ணி சிலிண்டருக்குள்ள போனா என்ன ஆகும்? ஒரு சிலிண்டர் 500 சிசி, 20க்கு 1 அழுத்த விகிதம்னு வைங்க. பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 26 மில்லி. காத்து சுருங்கும், தண்ணி சுருங்காது. ஒரு இருமல் மருந்து மூடியில ரெண்டரை மூடி தண்ணி அதிகமா போனா போதும், கனெக்டிங் ராட் வளையும். தண்ணியில நின்ன டீசலை மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க. இன்ஜெக்டரைக் கழட்டி, கையால சுத்தி, தண்ணியை வெளிய தள்ளுற வரைக்கும் கூடாது. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியில இந்த எஞ்சின் சேதம் பெரும்பாலும் வராது, தனியா கூடுதல் கவர் எடுத்திருந்தாத்தான்.

பேப்பர் விஷயமும் ஒரு நிமிஷம். 50 வருஷத்துக்கு மேல பழசான, அசல் நிலையில இருக்கிற வண்டிக்கு 2021ல விண்டேஜ் பதிவு விதி வந்துச்சு. 'விஏ'ன்னு நடுவுல வர்ற நம்பர் பிளேட், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். ஆனா அந்தப் பதிவுல கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ்னு போகலாம், தினமும் ஓட்ட முடியாது. எஞ்சின் மாத்தின ஜீப் 'அசல்'னு சொல்லிக்கிறதும் கஷ்டம். சாதாரணப் பதிவுன்னா 15 வருஷத்துக்கப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். ஆர்.சி. புத்தகத்துல பெட்ரோல்னும் பானெட்டுக்கு உள்ள டீசல்னும் இருந்தா, விலை எவ்வளவு குறைச்சாலும் கையெழுத்துப் போடாதீங்க.

என் பதில் என்னன்னா, பிரேக்கை முழுசா பிரிச்சு சரி பண்ணக் காசு தனியா இருந்தா வாங்குங்க. மழையில ஓட்டுங்க, ஆனா 40ல, பகல்ல, தெரிஞ்ச ரோட்டுல. ஹூட்டையும் எடுத்துக்கிட்டுப் போங்க.

அன்னைக்கு ராத்திரி மூடியிருந்த ஒரு டீக்கடை ஓரமா ஜீப்பை நிறுத்தி, ஹூட்டுக்குள்ள உட்கார்ந்திருந்தோம். கேன் தண்ணியைத் தவிர ஒண்ணும் இல்ல. நான் மாமாகிட்ட பேசல. விடிஞ்சதும் போய்ப் பார்த்தா தண்ணி கணுக்கால் அளவு. பாலத்துல அந்தக் கரையோரம், கீழ மண்ணெல்லாம் அரிச்சுப் போய், சிமெண்ட் மட்டும் பல்லு மாதிரி துருத்திக்கிட்டு நின்னுது. ஜீப்பை இந்தப் பக்கமே விட்டுட்டு நடந்து போனோம்.

ஆயா வீட்டு ஓடு பாதி இல்ல. பின்னாடி இருந்த பலா மரம் படுத்துக் கிடந்துச்சு. ஆயா திண்ணையில உட்கார்ந்து, நனைஞ்ச விறகை வெயில் வர்ற பக்கமா அடுக்கிக்கிட்டு இருந்தாங்க. எங்களைப் பார்த்ததும் அழுவாங்கன்னு நினைச்சேன். "நேத்து ராத்திரி ஓடைப் பக்கம் வண்டி லைட்டு தெரிஞ்சுதுடா"ன்னாங்க. "ஊர்ல ஒரு லைட்டு இல்ல, நீங்களாத்தான் இருக்கும்னு தெரிஞ்சு போச்சு. அந்த லைட்டு திரும்பிப் போற வரைக்கும் எனக்கு உசுரு இல்ல."

மழை விட்டுடுச்சு போல. மாமா கீழ இருந்து கூப்பிடுறார், ஹூட்டைக் காய வைக்கணுமாம். அடுத்த வாரம் பார்க்கலாம்.